7 என்றால் மட்டமா? கேம் வருவதற்கு முன்பே வரும் பத்திரிகை விமர்சனங்களை எப்படிப் படிக்கிறீர்கள்?

சேவ்பாயின்ட்:
வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக நான் காத்திருக்கும் ஒரு கேம் வெளிவர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்துவிட்டது. பத்துக்கு 7. கேம் பெயரையும் பத்திரிகை பெயரையும் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் பேச்சு அந்த ஒரு கேமோடு நின்றுவிடும். நேற்று முழுக்க எங்கே பார்த்தாலும் சண்டை. ஒரு பக்கம் "விமர்சகருக்கு ஆடவே தெரியாது" என்கிறார்கள், மறுபக்கம் "கேம் ஊத்திக்கொண்டது" என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் அதை ஆடியவர் ஒருவர்கூட இல்லை.

நான் அந்த மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். குறையாகச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: எங்கே போக வேண்டும் என்று காட்ட வரைபடத்தில் அம்புக்குறி இல்லை, கேமில் வரும் ஊர்க்காரர்களிடம் பேசித்தான் வழி தெரிந்துகொள்ள வேண்டும், முதல் ஐந்து மணி நேரம் மெதுவாக நகர்கிறது. எனக்கு வேண்டியதே அதுதான்! விமர்சகரின் 7 எனக்கு 9 ஆகத்தான் தெரிகிறது. அவரும் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார், தனக்குப் பிடிக்காததை ஒளிக்காமல் விவரமாகச் சொல்லியிருக்கிறார். அந்த விவரத்தை வைத்துத்தான் நான் முடிவு செய்தேன்.

கேம் கைக்கு வரும் முன் வரும் பத்திரிகை விமர்சனத்தை நீங்கள் எவ்வளவு நம்புகிறீர்கள்? மதிப்பெண்ணைப் பார்ப்பீர்களா, எழுத்தைப் படிப்பீர்களா?

மெமரிகார்டு:
நல்ல கேள்வி சகோ. 7 என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 1994இல் பிரிட்டனின் எட்ஜ் பத்திரிகை, அரக்கர்களைச் சுட்டுக்கொண்டே போகும் டூம் கேமுக்குக் கொடுத்த 7தான். கேம் வரலாற்றையே திருப்பிப் போட்ட ஒன்றுக்கு வெறும் 7. அதைவிட, எதிரே வரும் அந்தப் பிராணிகளோடு பேச முடிந்தால் எப்படி இருக்கும் என்று விமர்சகர் அதில் ஏங்கியிருந்தார். அந்த ஒரு ஏக்கத்தை முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்கிறார்கள்.

ஆனால் நான் அவர் பக்கம். எதிரியைச் சுடுவதற்குப் பதில் பேசி வழிக்குக் கொண்டுவருவது 1987இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலில் வந்த மெகாமி டென்செ கேமிலேயே இருந்தது. 2015இல் அண்டர்டேல் வந்தபோது எல்லோரும் கொண்டாடியதும் அதைத்தான். டூமுக்கு அது பொருந்தாத ஆசை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேம் என்றால் இன்னும் என்னவெல்லாம் ஆக முடியும் என்று யோசித்த ஒருவர் எழுதிய வரி அது. 9 போட்டு, கிராபிக்ஸ் பிரமாதம், சத்தம் பிரமாதம் என்று முடித்திருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

கடைசிபாஸ்:
ஒரே ஒருவரின் ரசனையில் மாட்டிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. அதனால்தான் எனக்கு ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகையின் முறை பிடிக்கும். நான்கு பேர் தனித்தனியாக ஆடுவார்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. ஒவ்வொருவரும் சில வரிகள்தான் எழுதுவார்கள். ஆனால் 9, 9, 9, 6 என்று வந்தால் அந்த 6ஐத் தேடிப் போய்ப் படிப்போம் இல்லையா? நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை என்பது, மற்ற மூன்று 9ஐவிட அதிகம் சொல்லும். அமெரிக்காவின் ஈஜிஎம் பத்திரிகையும் பல வருடம் இதே மாதிரி நான்கு பேரை வைத்து நடத்தியது. எத்தனை நாள் அந்த மதிப்பெண் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மூடியிருக்கிறேன்!

1986இல் தொடங்கிய ஃபாமிட்சு, முதல் முழு 40ஐக் கொடுத்தது 1998இல், செல்டா ஒக்கரினா ஆஃப் டைமுக்கு. பன்னிரண்டு வருடம் ஒன்றுக்கும் கொடுக்காமல் காத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் சோல்காலிபர், 2000இல் வேக்ரன்ட் ஸ்டோரி. அந்தக் காலத்து 40க்கு ஒரு கனம் இருந்தது.

இடதுபெருவிரல்:
"அந்தக் காலத்து" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 2009இல் மட்டும் டிராகன் குவெஸ்ட் 9, மான்ஸ்டர் ஹன்டர் ட்ரை, பயோனெட்டா, நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ என ஒரே வருடத்தில் நான்கு முழு மதிப்பெண். முதல் பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை! கேம்கள் அவ்வளவு முன்னேறிவிட்டனவா, அளவுகோல் இளகிவிட்டதா?

2013இல் ஜோஜோ ஆல் ஸ்டார் பேட்டிலுக்கும் 40. கேம் கடைக்கு வந்ததும் ஜப்பானிய ரசிகர்களே கொதித்தார்கள். கேம்பெய்ன் பகுதியில் ஆட ஆட ஒரு எனர்ஜி தீரும், அது தானாக நிரம்பக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். முழு விலை கொடுத்து வாங்கிய வட்டில் இது. நான்கு பேர் ஆடியும் இந்த எரிச்சல் மதிப்பெண்ணில் இறங்கவில்லை. நான்கு பேர் என்பதால் மட்டும் எனக்கு நம்பிக்கை வராது.

கடைசிபாஸ்:
கேம்பெய்ன் பகுதி ஆன்லைன் சர்வரை நம்பி ஓடுவது. வெளிவரும் முன் நான்கு பேர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆடும்போது அந்தக் காத்திருப்பு எப்படி வலிக்கும் என்பது புரிந்திருக்காது என்பது என் ஊகம். தவறு தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் நேர்மை இல்லாமல் செய்தது என்று நினைக்கவில்லை.

நீங்கள் சொன்ன பட்டியலில் இருக்கும் பயோனெட்டாவையே பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் பதிப்புக்கு 40, பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) பதிப்புக்கு 38. ஒரே கேம், ஒரே நான்கு பேர். கேமை உருவாக்கிய பிளாட்டினம் கேம்ஸ் செய்தது 360 பதிப்பை. பிஎஸ்3க்கு அதை மாற்றியது வெளியீட்டாளரான சேகா. அதில் ஃப்ரேம் ரேட், அதாவது படம் நகரும் வேகம், தடுமாறும், லோடிங் எரிச்சலூட்டும். ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்ய வழி கொடுத்த பேட்ச் பிறகுதான் வந்தது. பயோனெட்டா மாதிரி கேமில், எதிரி அடிக்கும் கணத்தில் சரியாக விலகினால்தான் எதிரிகளை மெதுவாக்கும் விட்ச் டைம் கிடைக்கும். அந்தக் கணத்தில் படம் ஒரு நொடியின் சிறு பங்கு தயங்கினாலும் கை ஏமாந்துவிடும். 40க்கும் 38க்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு மதிப்பெண், பிஎஸ்3 வைத்திருந்தவர்களுக்குக் கேம் வரும் முன்பே கிடைத்த எச்சரிக்கை. ஃபாமிட்சு மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

இடதுபெருவிரல்:
இது சரியான உதாரணம், ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு பதிப்பையும் தனித்தனியாக ஆடிப் பார்த்து எழுதிய உழைப்பு அது. எட்ஜும் பயோனெட்டாவுக்கு 10 கொடுத்தது, அதுவும் 360 பதிப்புக்குத்தான்.

ஒளிவட்டு:
என் கதையைச் சொல்கிறேன். பல வருடம் முன்னால், ஒரு பத்திரிகையின் அட்டையில் "உலகிலேயே முதல் விமர்சனம்" என்று போட்டு ஒரு கேமுக்கு 9 கொடுத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். அதை நம்பிச் சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் கொடுத்து வாங்கினேன். முதல் கட்டம் உண்மையிலேயே அழகு: மழை பெய்யும் தெரு, ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம். இரண்டாம் கட்டத்தில் கேமரா சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டது. நான்காம் கட்டத்தில் ஒரு கதவு திறக்கவே இல்லை, மூன்று தடவை முதலிலிருந்து ஆடினேன்.

அப்புறம் அந்தப் பத்திரிகையை எடுத்து மறுபடி பார்த்தேன். எட்டுப் படங்கள் அச்சிட்டிருந்தார்கள். எட்டிலும் அதே மழைத் தெரு. எட்டிலும் உயிர்க் கோடு முழுசாக இருந்தது, கையில் முதல் துப்பாக்கி மட்டும்தான். எழுத்தில் இரண்டாம் கட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் அதைத் தாண்டி ஆடவில்லை என்பது படங்களிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த விமர்சனத்தைப் பார்த்தாலும் முதலில் படங்களைத்தான் பார்ப்பேன். எத்தனை இடம், எத்தனை ஆயுதம், உயிர்க் கோடு குறைந்திருக்கிறதா. ஆடி முடித்தவர் எடுத்த படமும் ஒரு மணி நேரம் மட்டும் ஆடியவர் எடுத்த படமும் ஒன்றுபோல இருக்காது.

மெமரிகார்டு:
ஒளிவட்டு, உங்கள் அனுபவத்துக்குப் பின்னால் அச்சுப் பத்திரிகையின் காலக் கணக்கு இருக்கிறது. மாத இதழ் கடைக்கு வருவதற்குச் சில வாரம் முன்பே பக்கங்களை முடித்து அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். கேம் வரும் மாதமே விமர்சனமும் வர வேண்டும் என்றால், கேம் முழுசாக முடிவதற்கு முன்பே ஆடியாக வேண்டும். முதல் பிளேஸ்டேஷன் காலத்தில், கம்பெனிகள் சாதாரண சிடியில் எரித்து அனுப்பிய வடிவத்தைப் போட்டு ஆட, பத்திரிகைகளிடம் சோதனைக்கென்றே செய்த நீல நிற டெபக் பிளேஸ்டேஷன் இருக்கும். நம் வீட்டுச் சாம்பல் நிறப் பெட்டியில் அந்த சிடி ஓடாது. அப்படி வரும் வடிவத்தில் ஒரு பிழை இருந்தால், "வெளியீட்டுக்குள் சரி செய்துவிடுவோம்" என்பார்கள். நம்புவதா வேண்டாமா? நம்பி எழுதினால் வாசகர் மாட்டிக்கொள்வார். நம்பாமல் எழுதினால், பிழை உண்மையிலேயே சரியாகிவிட்ட ஒரு கேமுக்கு அநியாயம் ஆகிவிடும்.

இதில் பெரிதாக வெடித்தது 2004இல் டிரைவர் 3. பிரிட்டனில் பிஎஸ்எம்2, எக்ஸ்பாக்ஸ் வேர்ல்டு என்ற இரண்டு பத்திரிகைகள் மற்றவர்களுக்கு முன்பே விமர்சனம் எழுதி ஆளுக்கு 9 கொடுத்தன. கேம் வந்ததும் மற்ற சில இடங்களில் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்காத அளவுக்கு அடி. முதல் விமர்சனம் என்ற உரிமைக்காக மதிப்பெண்ணை விற்றுவிட்டார்கள் என்று ரசிகர்கள் குற்றம் சாட்டினார்கள், பத்திரிகைத் தரப்பு மறுத்தது. விற்றார்களா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் "முதல் விமர்சனம்" என்று அட்டையில் பார்த்தால், அந்த முதலிடம் எப்படிக் கிடைத்தது என்று ஒரு கணம் யோசியுங்கள்.

இடதுபெருவிரல்:
கேமை எப்போது கொடுப்பது, எதைப் பற்றி எழுதக் கூடாது என்பதெல்லாம் கம்பெனி கையில் இருக்கும்வரை இது தீராது. 2008இல் மெட்டல் கியர் சாலிட் 4 வந்தபோது, கதை சொல்ல நடுவில் ஓடும் வெட்டுக்காட்சிகளின் நீளத்தையும் இன்ஸ்டால் அளவையும் குறிப்பிடக் கூடாது என்று விமர்சகர்களுக்குக் கட்டுப்பாடு. வெட்டுக்காட்சி எவ்வளவு நீளம் என்பதுதானே அந்தக் கேமைப் பற்றி எல்லோரும் கேட்ட முதல் கேள்வி! ஈஜிஎம் அந்த நிபந்தனையோடு விமர்சனம் வெளியிட மறுத்துவிட்டு, அதற்குப் பதில் ஆசிரியர்களின் கலந்துரையாடலைப் போட்டது.

அதே வருடத் தொடக்கத்தில் ஈஜிஎம் ஆசிரியர் டான் ஷு, தங்களுக்குக் கேம் தருவதை நிறுத்திக்கொண்டவர்களின் பெயரை ஆசிரியர் பக்கத்திலேயே எழுதினார்: யுபிசாஃப்ட், சோனியின் ஸ்போர்ட்ஸ் கேம் பிரிவு, மார்ட்டல் காம்பாட் கேமைச் செய்யும் குழு. காட்டமாக எழுதியதற்கான தண்டனை அது. அடுத்த வருடம் ஜனவரியில் பத்திரிகையே நின்றுபோனது. அதற்குக் காரணம் விளம்பர வருமானமும் இணையமும், இந்தச் சண்டை இல்லை. ஆனாலும் வாசகரிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன அந்தப் பக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

சேவ்பாயின்ட்:
இப்போது மட்டும் மாறிவிட்டதா? 2020இல் சைபர்பங்க் 2077க்கு முன்கூட்டியே கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். அதிலும் சொந்தமாகப் பதிவு செய்த காட்சியைக் காட்டக் கூடாது, கம்பெனி கொடுத்த காட்சியைத்தான் காட்ட வேண்டும். டிசம்பரில் வந்த முன் விமர்சனங்களில் 9களும் 10களும். பிஎஸ்4லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது என்ன நிலையில் இருக்கிறது என்று கேம் வெளியான நாளில்தான் உலகத்துக்கே தெரிந்தது. சோனி ஒரே வாரத்தில் தன் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டது, திரும்பி வந்தது 2021 ஜூனில். எழுதிய யாரும் பொய் சொல்லவில்லை. கையில் கொடுத்ததைப் பற்றி எழுதினார்கள். கொடுக்காததில்தான் பிரச்சினை இருந்தது.

சின்னஎழுத்து:
நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பார்வை கொஞ்சம் குறைவு. கேமில் வரும் எழுத்தின் அளவு என்ன, வசனத்தைப் பெரிதாக்க முடியுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. பத்திரிகை விமர்சனங்களில் இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தை இருக்காது.

2006இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்த டெட் ரைசிங் நினைவிருக்கிறதா? அதில் ஓட்டிஸ் என்ற பாத்திரம் ரேடியோவில் கூப்பிட்டு அடுத்த வேலையைச் சொல்வார். குரல் கிடையாது, எழுத்து மட்டும். பழைய ட்யூப் டிவியில் அந்த எழுத்து புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அந்தக் கேமோ கடிகாரம் வைத்து ஓடுவது, நேரம் தவறினால் கதை போய்விடும். அப்போது பெரும்பாலான வீடுகளில் இருந்தது அந்த மாதிரி டிவிதான். எத்தனையோ பேர் படிக்க முடியவில்லை என்று கேட்டும் அதை மாற்றவில்லை. புது எச்டி டிவியில் ஆடி எழுதியவர் கண்ணில் இது எப்படிப் படும்? அதனால் 7ஆ 9ஆ என்று எல்லோரும் சண்டை போடும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு வேண்டிய ஒரு வரி இரண்டிலுமே இருக்காது.

மெமரிகார்டு:
சின்னஎழுத்து, இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில் யாருக்கும் தோன்றாத விஷயம் இது. மனமார்ந்த நன்றி. எந்த டிவியில், எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து ஆடினேன் என்று ஒரு வரி எழுதினாலே போதும், எத்தனை பேருக்கு உதவும்.

கடைசிபாஸ்:
ஆமாம். ஸ்கைரிம் கேமும் இதே ரகம்தான். 2011இல் வெளிநாட்டு கேம் ஒன்றுக்கு ஃபாமிட்சு முதன்முதலாகக் கொடுத்த 40 அது. ஆனால் பிஎஸ்3இல் நிறைய மணி நேரம் ஆடி சேவ் கோப்பு பெருத்த பிறகு கேம் நகரவே திணறும். சில நாளில் ஆடி எழுத வேண்டியவர் கண்ணில் அது படவே படாது. வாரக்கணக்கில் ஆடியவர்தான் அந்தச் சுவரில் போய் முட்டுவார். என் அன்புக்குரிய 40ஐ நானே குறை சொல்கிறேன், ஆனால் உண்மை உண்மைதான்.

இடதுபெருவிரல்:
இதையெல்லாம் ஒரே எண்ணில் அடைத்து, அப்புறம் எல்லாப் பத்திரிகை எண்ணையும் கலந்து மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று சராசரி போடுகிறார்கள். 2010இல் ஃபாலவுட் நியூ வேகஸ் செய்த அப்சிடியனுக்கு 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு புள்ளியில் போனது. அந்த 84இல் பக் (பிழை) நிறைய இருக்கிறது என்று புள்ளி குறைத்தவர்களும் உண்டு, கதையைக் கொண்டாடியவர்களும் உண்டு. இரண்டையும் கலந்து சராசரி போட்டால் இரண்டுமே காணாமல் போகிறது. நாம் 7க்கும் 8க்கும் கத்துவதைக் கேட்டுத்தான் கம்பெனிகளும் எண்ணைப் பெரிதாக நினைக்கின்றன.

ஒளிவட்டு:
இத்தனை குறை சொன்னாலும் அச்சில் வரும் விமர்சனம் இல்லாமல் போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். 1991இல் தொடங்கிய அமெரிக்கப் பத்திரிகை கேம் இன்ஃபார்மர் 2024 ஆகஸ்டில் மூடப்பட்ட அன்று எனக்கு மனசே சரியில்லை. இணையதளத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், முப்பது வருட எழுத்து ஒரே நாளில் மறைந்தது. 2025இல் வேறொரு நிறுவனம் வாங்கிப் பழைய ஆட்களையே வைத்து மறுபடி தொடங்கியபோது அவ்வளவு சந்தோஷம். அச்சில் எழுதியதை மறுநாள் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. தவறாக எழுதினாலும் தவறாகவே அங்கே இருக்கும், என் மழைத் தெருப் படங்கள் மாதிரி.

சின்னஎழுத்து:
சேவ்பாயின்ட், ஒரு உதவி. நீங்கள் காத்திருக்கும் கேமில் ஊர்க்காரர்களிடம் பேசித்தான் வழி தெரிந்துகொள்ள வேண்டும் என்றீர்கள். அப்படியென்றால் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். விமர்சனத்தில் எழுத்தளவு பற்றி ஏதாவது இருக்கிறதா? எந்தக் கன்சோலில் ஆடினார்கள் என்றாவது போட்டிருக்கிறார்களா?

சேவ்பாயின்ட்:
இருங்கள், எடுத்துப் பார்க்கிறேன்.

பார்த்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தின் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் புதிய கன்சோலில் ஆடியதாகப் போட்டிருக்கிறது. பழைய கன்சோல் பதிப்பு தங்களுக்கு அனுப்பப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறை படித்தும் இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய கன்சோல்.

எழுத்தளவு பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டியோடு பேசும் படம் இருக்கிறது. வசனப் பெட்டி திரையின் அடியில் நாலில் ஒரு பங்கு வரும், மூன்று வரி எழுத்து, பின்னால் கருப்புப் பட்டை. மற்ற படங்களில் உள்ள பொருள் பட்டியலின் எழுத்து இதில் பாதிதான் இருக்கும். பட்டியலை நீங்கள் படிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். நான் முன்பதிவை நிறுத்தி வைக்கிறேன். பழைய கன்சோலில் யாராவது ஆடிக் காட்டட்டும். கேம் வந்த முதல் வாரத்திலேயே பட்டியல் திரையை டிவியிலிருந்து எட்டடி தள்ளி நின்று படம் எடுத்து உங்களுக்குப் போடுகிறேன்.

சின்னஎழுத்து:
ஆறடி போதும். நான் அவ்வளவு கிட்டத்தில்தான் உட்காருவேன்.